வீரம்மாவின் மடி

பேய் இருட்டில்தான் வரும் என்று சொல்கிறவர்களோடு நான் வாதாடுவதில்லை. எனக்கு நடந்தது உச்சி வெயிலில். ஒரு பஸ் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது நடந்தது. இதில் ஒரு சொல்கூட நான் கட்டியது இல்லை. கதை கட்டுவதாக இருந்தால், எனக்கு நானே இவ்வளவு அவமானமான கதையையா கட்டிக்கொள்வேன்?

1926ஆம் வருஷம். எனக்குப் பதின்மூன்று வயது. மலாயாவில், ஈப்போ நகரத்தில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் பாட்டுக் குழுவைச் சுமத்திராவிலிருக்கும் மேடான் நகரத்துக்கு, அங்குள்ள மாதா கோயில் திருவிழாவில் பாடக் கூப்பிட்டிருந்தார்கள். லுமுட் துறைமுகம் வரை மோட்டார் பஸ். அங்கே கப்பலேறிப் பினாங்கு, பிறகு இன்னொரு கப்பலில் கடல் தாண்டி மேடான்.

குழுவில் இருந்தவர்கள் எல்லாம் கணக்கெழுதும் கிராணிமார் பிள்ளைகள், ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் பிள்ளைகள். என் அப்பா ஈப்போவை ஒட்டிய சிலிபினில் மாட்டு வண்டி ஓட்டினார். குரல் நன்றாக இருந்ததால் என்னைச் சேர்த்திருந்தார்கள். கோதுமை மாவு மூட்டைத் துணியை வெளுத்து அம்மா எனக்குக் கவுன் தைத்திருந்தாள். எவ்வளவு வெளுத்தும் முதுகுப் பக்கம் நீல எழுத்து லேசாகத் தெரிந்தது. காலையிலிருந்தே நான் யாருக்கும் முதுகைக் காட்டாமல் நடந்தேன்.

"கப்பல்ல என்ன குடுப்பாங்களோ, தின்னுட்டுப் போ" என்று அம்மா இட்டிலியும் சம்பலும் வயிறு முட்ட ஊட்டி அனுப்பியிருந்தாள். அதற்கு முன் நான் மோட்டார் வண்டியில் ஏறியதே இல்லை. பாரிட் தாண்டியதும் வளைவுகள். பெட்ரோல் நாற்றம். பல்லைக் கடித்துக்கொண்டு ஜெபம் சொன்னேன். புருவாஸ் வந்தபோது என்னால் முடியவில்லை.

பக்கத்தில் இருந்த பெட்ரீசியாவின் மடியில் வாந்தி எடுத்துவிட்டேன். பெரிய கிராணி மகள். மடியில் அவளுடைய புதுத் தொப்பி இருந்தது.

"ஐயோ, என் தொப்பி! டீச்சர், இவள இறக்கி விடுங்க லா!"

"வண்டிக்காரன் மவளுக்கு மாட்டு வண்டிதான் ஒத்துக்கும்" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பஸ்ஸே சிரித்தது. எங்களைக் கூட்டிப் போன ஐவி டீச்சர் சிரிக்கவில்லை. ஆனால் கைக்குட்டையை என்னிடம் நீட்டியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

கொஞ்ச தூரத்தில் என்ஜினில் தண்ணீர் கொதித்துப் பஸ் நின்றது. டிரைவர் பெர்னார்ட் அண்ணன் வாளியோடு சாலையோர ஓடைக்கு இறங்கினார். டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டரை.

"போய்க் கழுவிட்டு வா, அகதா. தூரமா போவாத."

ஓடைப் பக்கம் போனால் எல்லோரும் பார்ப்பார்கள். அதனால் சாலையின் மறுபக்கம் நடந்தேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஒரு வெட்டவெளி. அங்கே தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயம் ஒன்று, வரிசையாகப் பலகை வீடுகள், அத்தாப்பு ஓலைக் கூரை. பஸ்ஸிலிருந்து பார்த்தாலே தெரியும் தூரம்தான்.

ரப்பர் பால் வெட்டி முடித்துச் சனங்கள் வீடு திரும்பும் நேரம். ஆனால் ஒரு அடுப்பிலும் புகை இல்லை. கோழி இல்லை, நாய் இல்லை. சாலையில் காதை அடைத்த சில்வண்டுச் சத்தம் லயத்து வாசலுக்கு வந்ததும் சட்டென்று நின்றுபோயிற்று. அதையெல்லாம் யோசிக்கும் நிலையில் நான் இல்லை. அழுதுகொண்டிருந்தேன்.

"ஏம்மா அழுவுற?"

கடைசி வீட்டு வாசல்படியில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். என் அம்மா வயதுதான் இருக்கும். தலைமுடி நனைந்து, நுனியிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"வாந்தி எடுத்துட்டேன்... எல்லாரும் சிரிக்கிறாங்க."

"வா. வந்து உக்காரு."

செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். என் முகத்தை, கையை, கவுனின் முன்பக்கத்தைத் துடைத்துவிட்டாள். தண்ணீர் அப்படி ஒரு குளிர்ச்சி. பல் கிட்டியது. முதுகிலிருந்த எழுத்தையும் பார்த்திருப்பாள். ஒன்றும் கேட்கவில்லை.

"எங்க போறீங்க?"

"கப்பல்ல... மேடானுக்கு."

"நானும் கப்பல்லதான் வந்தேன். நாகப்பட்டணத்துலேருந்து. ஏறுன நாளே வாந்தி. உன்னையப் போலத்தான், எல்லாரும் மூக்கப் புடிச்சிக்கிட்டாங்க. ஒருத்தி என் பாயத் தூக்கி அந்தாண்ட வீசிட்டா." மெல்ல என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். "என் பேரு வீரம்மா. நீ தூங்கு."

அன்று முழுக்க என்னை அருவருக்காமல் தொட்ட ஒரே கை அது. படுத்துக்கொண்டேன். அவள் என் முடியைக் கோதிவிட்டாள். சுகமாக இருந்தது. உண்மையைச் சொல்கிறேன், அப்படியே இருந்துவிடலாம் என்றுதான் தோன்றியது.

அப்போதுதான் கவனித்தேன்.

அவள் முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. படி மட்டும் நனையவில்லை.

என் காது அவள் வயிற்றோடு ஒட்டியிருந்தது. உள்ளே சத்தமே இல்லை. மூச்சு வாங்கும் அசைவும் இல்லை. சுவரில் காது வைத்தது போல...

பாம்... பாம்...

பஸ் ஹாரன். எங்கோ ஒரு மைலுக்கு அப்பாலிருந்து கேட்பது போல இருந்தது.

"நான் போறேன்."

"போவாத."

"டீச்சர் தேடுவாங்க..."

"அங்க போனா சிரிப்பாங்க. இங்க யாரு சிரிக்கப் போறா?"

எழப் பார்த்தேன். முடியில் இருந்த கை கனத்தது. இன்னும் கனத்தது.

அண்ணாந்து பார்த்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் இமைக்கவே இல்லை.

பாம்... பாம்... பாம்...

கத்த வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. எந்தக் குரலுக்காக என்னைச் சேர்த்தார்களோ, அந்தக் குரல்...

"அகதா!"

பெர்னார்ட் அண்ணன் சத்தம்.

"அகதா! மாதா பேரச் சொல்லு! எழுந்து வா!"

மாதாவே...

கை விலகியது.

ஓடினேன். திரும்பிப் பார்க்கவில்லை. அண்ணன் சாலை ஓரத்திலேயே நின்றார். ஒரு அடிகூட உள்ளே வரவில்லை. நான் சாலையைத் தொட்டதும் கையைப் பிடித்து இழுத்துப் பஸ்ஸில் ஏற்றினார்.

உள்ளே டீச்சர் ஜெபமாலையை இறுகப் பிடித்திருந்தார். பெட்ரீசியா ஜன்னலோடு ஒட்டிக்கொண்டாள். நான் போய் உட்கார்ந்ததும் முன் இருக்கைப் பிள்ளைகள் எழுந்து நகர்ந்துவிட்டார்கள்.

அவ்வளவு நாறுகிறேனா என்று நினைத்தேன். லயத்தில் நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் சிரிப்பார்கள்.

அன்று சாயங்காலம் லுமுட்டில் கப்பல் ஏறினோம். நான் முதன்முதலாகக் கடலைப் பார்த்த நாள் அது. கப்பல் தளத்தில் எல்லோரும் பாய்களை நெருக்கமாகப் போட்டுப் படுத்தார்கள். என் பாயைச் சுற்றி மட்டும் இடம் விட்டிருந்தார்கள். மேடானில் நான் வாயை அசைத்தேனே தவிரப் பாடவில்லை. திரும்பி வந்த பிறகு பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அழுது படிப்பை நிறுத்திக்கொண்டேன். காரணம் கேட்டு அப்பா அடித்தார். வாந்தி எடுத்தேன், அசிங்கமாகிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அதன் பிறகு பல வருஷம் யார் பக்கத்திலும் ஒட்டி உட்கார மாட்டேன். கோயிலில்கூடக் கடைசி பெஞ்சு.

எனக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, பெட்ரீசியா அந்தக் கோயிலுக்கு வந்திருந்தாள். அவளாகவே என்னிடம் வந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"உன் தொப்பிய நாசம் பண்ணிட்டேன்" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"எந்தத் தொப்பி?" என்றாள். பிறகு அவள் முகம் மாறியது. "அதயா நெனச்சிக்கிட்டு இருக்க இத்தன வருஷமா? அதுக்கா நாங்க ஒதுங்கினோம்?"

"பின்ன? நான் அந்த லயத்துக்குப் போனதுக்கா?"

"உனக்குத் தெரியவே தெரியாதா அகதா? அங்க லயமே இல்ல லா. காய்ச்சல்ல சனங்க செத்தப்புறம் அத எரிச்சிட்டாங்களாம், பெர்னார்ட் அண்ணே சொன்னாரு. வெறும் பொட்டல். நாங்க எல்லாரும் ஜன்னல் வழியா பாத்துக்கிட்டுதான் இருந்தோம்."

குழந்தையை இறுக்கிக்கொண்டேன். "வெயில்ல மயங்கி விழுந்திருப்பேன்..."

"மயங்கி விழுந்தா தலை தரையில கெடக்கும்."

அவள் என் பக்கம் குனிந்தாள்.

"உன் தலை தரையில படல. அந்தரத்துல இருந்துச்சு. காத்தே இல்ல... ஆனா உன் முடி மட்டும், யாரோ கோதி விடற மாதிரி, பிரிஞ்சு பிரிஞ்சு விழுந்துக்கிட்டு இருந்துச்சு."