எட்டு மாத இருமல்

திண்டுக்கல்லில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். சேலையை விரிக்கும்போது இருமல் வரும். வாங்க வந்தவர்கள் ஓரடி பின்னால் போவார்கள். மூன்றாம் மாதம் எக்ஸ்ரேயில் வலப்பக்க நுரையீரலில் சளி கட்டியிருப்பது தெரிந்தது. சளியைச் சோதித்ததில் கிருமி இல்லை. ஆனாலும் தெருமுனை டாக்டர், "டிபியாத்தான் இருக்கும்" என்று மாத்திரையை ஆரம்பித்துவிட்டார்.

கடையில், "உடம்பு தேறுனதும் வாம்மா" என்று அனுப்பிவிட்டார்கள். நான் இருந்தது அண்ணன் வீட்டில். முதலில் என் தட்டும் டம்ளரும் தனியாயின, பிறகு நானும். மாடித் தகரக் கொட்டகையில் கட்டிலைப் போட்டுவிட்டு, அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "பிள்ளைக இருக்குல்ல. கோவிச்சுக்கிராத." அண்ணி சோற்றைப் படிக்கட்டில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள்.

மாத்திரையில் சிறுநீர் சிவந்தது, வயிறு புரட்டியது. இருமல் மட்டும் அப்படியே இருந்தது. எட்டாம் மாதம் நானே பஸ் ஏறி மதுரைக்குப் போனேன்.

அங்கே நுரையீரல் டாக்டரம்மா முதலில் கேட்டது: "எப்பவாவது பலமா புரையேறுச்சா?"

அதுவரை யாரும் கேட்காத கேள்வி. யோசித்தேன். நத்தத்தில் அத்தை வீட்டில் புளி தட்டிக்கொண்டிருந்தபோது, ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு எதற்கோ சிரித்தேன். மூச்சு நின்றே போனது. முதுகில் அறைந்தார்கள், சரியாகிவிட்டது. இருமல் அதற்குப் பிறகுதான்.

வெறும் வயிற்றோடு வரச் சொன்னார்கள். தொண்டை மரத்துப்போக மருந்தடித்து, நுனியில் விளக்கும் கேமராவும் உள்ள மெல்லிய குழாயை மூக்கு வழியாக இறக்கினார்கள். வலியில்லை, தண்ணீரில் முங்குவது போலிருந்தது. அரைமயக்கத்தில் டாக்டரம்மாவின் குரல் கேட்டது: "இந்தா இருக்கு. செத்த நேரம் பொறுத்துக்கங்க." குழாய்க்குள் விட்ட சின்ன இடுக்கியிலிருந்து இரண்டு முறை நழுவி, மூன்றாம் முறை வெளியே வந்தது.

டப்பாவில் போட்டுக் காட்டினார்கள். கறுத்த ஒரு புளியங்கொட்டை.

"டிபி இல்லம்மா. அந்த மாத்திரைய நிப்பாட்டிருங்க."

பத்து நாளில் இருமல் அடங்கியது. டப்பாவை அண்ணனிடம் நீட்டினேன். அண்ணி எட்டிப் பார்த்து, "அட, இதுக்கா இம்புட்டு அமர்க்களம்?" என்று சிரித்தாள். அண்ணனும் சிரித்தான். "சரி, கீழ வந்துரு" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

நான் கீழே போகவில்லை. கடையில் என் இடத்தில் வேறொருத்தி நின்றாள். வேறு கடை, ஒற்றை அறை என்று ஒதுங்கிக்கொண்டேன். பார்ப்பவர்கள் எல்லாம், "நல்லவேளை, டிபி இல்ல" என்கிறார்கள். இருந்திருந்தால் எனக்கு நடந்ததெல்லாம் நியாயமாகியிருக்குமா? அண்ணனிடம் கேட்கவில்லை. ஆமாம் என்று சொல்லிவிடுவான்.

தீபாவளிக்குக் கூப்பிட்டான். லீவு இல்லை என்றேன். லீவு இருந்தது.