பச்சையாகிப்போன முகம்

போன செவ்வாய்க்கிழமை மயிலிட்டியிலிருந்து றெஜினா அக்கா வந்திருந்தார். கையில் துவாயால் சுற்றிய ஒரு பிரேம்.

பத்தி எழுதாத நேரங்களில் அச்சுவேலியில் நான் படம் அச்சிட்டுக் கொடுப்பவன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அக்காவின் கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. படகு மட்டும் கரைக்கு வந்தது. அடையாள அட்டைக்கு எடுத்த சின்னப் படத்தை ஸ்கான் செய்து, பெரிதாக்கி, கறுப்பு வெள்ளையில் அச்சிட்டுக் கொடுத்தது நான்தான். அடக்கம் செய்ய உடலும் இல்லாத வீடு. அங்கே அந்தப் படம் என்னவாக இருந்திருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

துவாயை விலக்கினார். கறுப்பெல்லாம் பச்சையாகியிருந்தது. கன்னமும் நெற்றியும் வெளிறிப்போய், கண்கள் மட்டும் மிஞ்சியிருந்தன.

“தம்பி, நான் பின்னேரத்திலை படத்துக்கு முன்னாலை மெழுகுதிரி கொளுத்திறனான். அந்தப் புகையாலைதான் இப்பிடிப் போச்சோ?”

பிரேமை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன்.

“மூண்டு மாசமாக் கொளுத்திறேல்லை. இருக்கிற முகமும் போயிடும் எண்ட பயத்திலை.”

‘ஓம் அக்கா, புகைதான்’ என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். அந்தப் பதில் வாய் வரைக்கும் வந்தது... உங்களிடம் ஏன் மறைக்கவேண்டும்?

காரணம் எனக்கு நன்றாகவே தெரியும். மலிவான பளபளப்புத் தாள், அதிலே சாய மை. சாதாரண பிரிண்டரில் சாம்பல் நிறம் என்பது பல வண்ண மைகளின் கலவை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் மங்கும். ஒன்று முந்திக்கொண்டு போனால் மிஞ்சுவது பச்சையோ சிவப்போ. போன வருடமே இதைக் கண்டுகொண்டேன். ஒரே படத்தைப் பல தாள்களில் அச்சிட்டு, பாதியைக் கறுப்பு மட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒட்டி வைத்திருந்தேன். முதலில் தோற்றது அவருக்குக் கொடுத்த அதே தாளும் அதே மையும்தான்.

உடனே மையை மாற்றினேன். தாளை மாற்றினேன். முன்பு வாங்கிப்போனவர்களிடம் போய்ச் சொன்னேனா? இல்லை. அச்சுவேலிக்கும் மயிலிட்டிக்கும் அப்படியென்ன தூரம்?

“புகை இல்லை அக்கா. பிழை என்ரை. கூடாத தாளிலை அடிச்சுத் தந்திட்டன். தெரிஞ்ச பிறகும் வந்து சொல்லேல்லை.”

அவர் கோபப்படவில்லை. துவாயின் நுனியால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தார்.

“அப்ப... நான் கொளுத்தியிருக்கலாம்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

நல்லவேளை, ஸ்கான் செய்த கோப்பு கணினியில் இருந்தது. இந்த முறை பருத்தி நாரில் செய்த, அமிலமில்லாத தாள். வெண்மையைக் கூட்டிக் காட்டும் ரசாயனம் சேராதது — கடையில் கண்ணைப் பறிக்கும் அந்தப் பளீர் வெள்ளை நிலைப்பதில்லை. மை, நுண்துகள்களாகத் தாளில் படியும் பிக்மென்ட் மை. கறுப்போடு, சாம்பலிலேயே மூன்று வகை. ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். கண்ணாடி படத்தில் ஒட்டாதபடி இடைவெளி விட்டுப் பிரேம் போட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்தார். ஜன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

“முந்தின படத்திலை கறுப்பு இதை விடக் கூட.”

உண்மைதான். இந்தத் தாளில் மினுக்கம் கிடையாது; அதனால் கறுப்பும் அவ்வளவு அடர்த்தியாகத் தெரியாது. அதை விளக்க வாயெடுத்தேன். அதற்குள் அவரே சொன்னார்.

“ஆனா இவர் இப்பிடித்தான். மினுங்கிற ஆளில்லை.”

இனி ஒன்றையும் மறைப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன். “இதுவும் ஒருநாள் மங்கும் அக்கா. மெதுவா. இன்னொரு பிரதி தாறன், வெளிச்சம் படாமல் அலுமாரிக்குள்ளை வையுங்கோ.”

“அவரை அலுமாரிக்குள்ளை வைக்கேலாது தம்பி. மங்கினா திரும்ப வாறன். நீங்கள் இருப்பியள்தானே?”

தாள் எத்தனை வருடம் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்கள். அச்சிடுகிறவனைப் பற்றி ஒன்றுமில்லை.

“இருப்பன் அக்கா” என்றேன்.