வீட்டோடு ஊர் மாறியவர்

எங்கள் கொள்ளுத்தாத்தா லெமுவேல் ஹாஸ்கெட்டுக்குக் கைவேலை நூறு வரும், முன்யோசனை மட்டும் வராது. இதைச் சொன்னால் என் சித்தப்பா மகன் வெண்டலுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வரட்டும்! போன கிறிஸ்துமஸ் விருந்தில் எங்கள் பழைய ஓக் மேசையில் முழங்கையை ஊன்றி, வாய் நிறைய வான்கோழியோடு அவன் சொன்னதற்கு இது காணாது.

“தாத்தா ஊருக்குள்ள பொறக்கவே இல்ல. இந்த வீடு இருக்குற மூலை மனைய நம்மாளுங்க ஏமாத்தித்தான் வாங்கியிருக்காங்க.”

லெமுவேலின் மகனான எங்கள் தாத்தாவைத்தான் சொன்னான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விடுமுறை முடிந்ததும் கோர்ட்டுக்குப் போய்ப் பழைய பதிவேடுகளைப் புரட்டினேன். மூன்று நாள், முந்நூறு தும்மல்.

நடந்தது இதுதான். 1873 பிப்ரவரி. எங்கள் அயோவா மாநிலத்தில் ஹார்லோ என்று ஓர் ஊர். ரயில் அந்த வழியாகத்தான் வரும் என்று எல்லாரும் மார்தட்டிக்கொண்டிருக்க, தண்டவாளம் மூன்று மைல் தள்ளிப் போய்விட்டது. அங்கே சிவப்புக் கொடிகளை நட்டு, கில்பி என்று புது ஊருக்கு எல்லை போட்டார்கள். ஹார்லோக்காரர்கள் விடுவார்களா? வீடுகளைப் பெயர்த்து, அடியில் மரக்கட்டை கொடுத்து, மாடுகளைப் பூட்டிப் பனியில் இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். தேவாலயம்கூட மணியடித்துக்கொண்டே போனது.

கில்பி எல்லைக்குள் பிறக்கும் முதல் குழந்தைக்கு ஸ்டேஷனுக்கு எதிரே மூலை மனை இனாம் என்று அறிவித்திருந்தார்கள். லெமுவேல் குதிரைச் சேணம் தைப்பவர். அந்த இடத்தில் கடை போட்டால் பிழைத்துக்கொள்ளலாம். ஹார்லோவில் இனி ஈயைத்தான் ஓட்ட வேண்டும். மனைவி தெர்சாவுக்கோ நிறைமாதம். கில்பியில் ஒரு கூடாரத்தில் இன்னொருத்தியும் நாளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

தெர்சாவுக்கு மாட்டுச் சத்தம் கேட்கக் கூடாதென்று, படுக்கையறை பின்னால் வரும்படி வீட்டைத் திருப்பி மாடு பூட்டினார் லெமுவேல். அடுப்படி முன்னால். என்ன கரிசனம், என்ன கரிசனம்!

இருபது மாடுகள் இழுத்தன. புகைபோக்கியில் புகை, மேசையில் ரொட்டி மாவு, கட்டிலில் தெர்சா. இரண்டாவது மைலில் வலி கண்டது. மருத்துவச்சி ஆர்ஃபா ஜன்னல் வழியே தலையை நீட்டிக் கத்தினாள்.

“லெமுவேலு, மாட்ட வெரட்டுய்யா! புள்ள உன்னை மாதிரி இல்ல, அவசரக்காரப் புள்ள!”

ஊரே பின்னால் நின்று தள்ளியது, பாதிரியார் உட்பட. கொடி தெரிந்தது. வீட்டின் முன்பாதி உள்ளே நுழைந்ததும் அடிக்கட்டை படாரென்று முறிந்தது. வீடு எல்லைமேலேயே உட்கார்ந்துவிட்டது. மனை ஏஜென்ட் கயிறு பிடித்து அளந்தார்.

“படுக்கை ரூம் வெளிய இருக்கே. நான் என்ன பண்ண முடியும்?”

லெமுவேல் பனியில் உட்கார்ந்து அழுதேவிட்டார், பாவம். உள்ளேயிருந்து தெர்சாவின் குரல் வந்தது.

“யோவ்! எந்தப் பக்கம்யா ஊருக்குள்ள இருக்கு?”

“அடுப்படிதான், தெர்சா.”

“அத மொதல்லயே சொல்றதுக்கென்ன, வாயில கொழுக்கட்டையா? அக்கா, என்னைத் தூக்கி விடு.”

“அடியே, தல தெரியுதுடி!”

“தெரிஞ்சா தெரியட்டும். பத்தடிதானே!”

நடந்தாள் மகராசி! ஆர்ஃபாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே ஊர் விட்டு ஊர் போனாள். மாவை ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு மேசைமேல் ஏறிப் படுத்தாள். சற்று நேரத்தில் உள்ளே ‘குவா’ என்றார் எங்கள் தாத்தா. வெளியே தொப்பிகள் பறந்தன. பாதிரியார் தன்னுடையதோடு ஏஜென்டின் தொப்பியையும் பிடுங்கி வீசினாராம்.

ஏஜென்ட் தன் கைப்பட எழுதிய பதிவைப் படித்தபோது எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அதை நகலெடுத்து வைத்திருந்து, இந்தக் கிறிஸ்துமஸுக்கு வெண்டல் வழக்கம்போல் மேசைமேல் சாய்ந்து உட்கார்ந்து வான்கோழித் தொடையைக் கடித்த நேரமாகப் பார்த்து, எல்லார் முன்னாலும் உரக்கப் படித்தேன்.

“ஆண் குழந்தை. பிறந்த இடம்: கில்பி, கொடிக்கு நாலடி உள்ளே, ஹாஸ்கெட் வீட்டு அடுப்படி, ஓக் மேசை.”

வெண்டல் மெல்லத் தன் முழங்கையை மேசையிலிருந்து எடுத்தான்.