சாவியை என்னிடம் கொடுக்கச் சொன்னவர்

போன வாரம் ஆரம்பாக்கத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். "தேவசகாயம் பொண்ணு பேசறேங்க. அப்பா காலைல தவறிட்டாரு" என்றாள். உடனே மனம் கலங்கியது என்று எழுதினால் அது பொய். எந்த தேவசகாயம், எந்தத் தெரு, என் நம்பரை யார் கொடுத்தார்கள் என்று மூன்று கேள்வி கேட்டேன். பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, "இப்படியெல்லாம் கேப்பீங்கன்னு அப்பா சொல்லிக்கீறாரு" என்றாள். அதன் பிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

கும்மிடிப்பூண்டியில் எங்களோடு வேலை செய்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறீர்கள். எனக்கும் அவருக்கும் நடுவில் நடந்த கதை உங்களுக்குத் தெரியும். அதில் என் பங்கை மரியாதைக்காகக் குறைத்தே சொல்லி வந்திருக்கிறீர்கள். அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளில் எங்கள் கம்பெனி பால் பண்ணைகளுக்கு எவர்சில்வர் தொட்டிகளும், அவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டங்களும் செய்து கொடுத்தது. நான் ஸ்டோர்ஸ் கீப்பர். திருவள்ளூர்க் கோயிலில் மடைப்பள்ளிக் கைங்கரியம் செய்த குடும்பம் எங்களுடையது. தேவசகாயம் ஃபினிஷிங் பகுதியில் இருந்தார். எவர்சில்வர் தொட்டிகளின் வெல்டிங் தழும்பைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சீராக்குவது அவர் வேலை. அவருடைய அப்பா ஊரார் நிலத்தில் கூலிக்கு உழுதவர். தேவசகாயம் என்னைவிட நான்கு வயது மூத்தவர்தான். ஆனாலும் நான் அவரை 'நீ' என்றேன், அவர் என்னை 'சாமி' என்றார். காலம் அப்படி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

அவர் பிரஷ் வாங்க வந்தால் ஸ்டோர்ஸ் ஜன்னலில் வரிசை தேங்கிவிடும். கட்டை விரலால் கம்பியை வளைத்து, அது நிமிர்கிறதா என்று பார்ப்பார். சக்கர பிரஷ் என்றால் அதில் அச்சடித்திருக்கும் உச்ச வேகத்தையும் தன் மெஷினின் வேகத்தையும் ஒப்பிடுவார். மெஷின் வேகம் கூடினால் கம்பி பிய்ந்து ஊசியாகப் பறக்கும். மாட்டிய பிறகும் சற்று ஒதுங்கி நின்று சும்மா ஓடவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொடுவார். அழுத்தித் தேய்ப்பவர்களைக் கண்டால் அவருக்குப் பிடிக்காது. "வேலை செய்யறது கம்பி நுனிதான். நீ அமுக்கினா கம்பி படுத்துக்கும், அப்பறம் சும்மா தடவிக்கினு இருக்கும்" என்பார். இதெல்லாம் தொழில் அக்கறை என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. நல்லதாகப் பொறுக்குகிறானே, எங்கே கொண்டுபோய் விற்கிறான் என்றுதான் தோன்றியது.

சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. சாயங்காலம் எல்லோரும் பிரஷ்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. ஜன்னலுக்குக் கீழே பெரிய மரப்பெட்டி ஒன்று வைத்திருந்தேன். வந்தவை எல்லாம் அதில் விழும். தேவசகாயத்தின் பிரஷ்கள் மட்டும் வரவே வராது. கேட்டதற்கு ஒரு நாள் வரிசையில் நின்றவர்கள் முன்னாலேயே சொன்னார்: "எல்லாத்தையும் ஒரே பொட்டில போடறீங்க சாமி. இரும்பத் தொட்டது எவர்சில்வரத் தொடக் கூடாது. உங்க ஊட்ல மடி பாப்பீங்கல்ல, அந்த மாரிதான்."

வரிசை சிரித்தது. என் குடும்பத்தையும் ஆசாரத்தையும் இவன் கேலி செய்கிறான் என்று எனக்கு முகம் எரிந்தது. அவர் சொன்னதில் பிரஷ்ஷைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று நான் ஒரு கணமும் யோசிக்கவில்லை. அன்றே மேனேஜரிடம் புகார் எழுதிக் கொடுத்தேன். மீஞ்சூர்ப் பட்டறைகளுக்கு விற்பதற்காகப் பதுக்குகிறான் என்று, பார்த்தவன் மாதிரி எழுதினேன்.

அவருடைய பெஞ்சுக்கு அடியில் பூட்டுப் போட்ட பிஸ்கட் டின் ஒன்று இருந்தது. திறந்தார்கள். உள்ளே ஏழு எவர்சில்வர் கம்பி பிரஷ்கள். ஒவ்வொன்றும் வெள்ளைத் துணியில் சுற்றி, கைப்பிடியில் சிவப்புப் பெயிண்ட் பொட்டோடு இருந்தது. திருடன் எதற்குப் பொட்டு வைப்பான் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. அடையாளம் போட்டு எண்ணி வைத்திருக்கிறான் பார் என்றேன். விசாரணை முடியும்வரை அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

அந்த இடைவெளியில் தொட்டிகளை வேறு ஆட்கள் தேய்த்தார்கள், என் பெட்டியிலிருந்து எடுத்த பிரஷ்களால். பால் பண்ணைக்குப் போன தொட்டிகள் சில நாளில் திரும்பி வந்தன. வெல்டிங் ஓரமெல்லாம் வேர்க்குரு போலத் துரு. எவர்சில்வரில் துரு என்றால் யார்தான் நம்புவார்கள்? போகிற கோபத்தில் தேவசகாயம் தேய்க்கக் காத்திருந்த தொட்டிகளில் எதையோ ஊற்றிவிட்டுப் போயிருக்கிறான் என்று பேச்சு கிளம்பியது. கிளப்பியவர்களில் நானும் உண்டு. இனி அவருக்கு வேலை போவது மட்டுமில்லை, இந்தத் தொழிற்பேட்டையில் வேறெந்தக் கம்பெனியும் அவரைச் சேர்க்காது என்ற நிலை வந்தது.

விசாரணையில் அவர் அழவில்லை, சத்தம் போடவுமில்லை. ஒரு பரிசோதனைதான் கேட்டார். ஒரே எவர்சில்வர் தகட்டை இரண்டாக வெட்டி, ஒன்றை என் பெட்டி பிரஷ்ஷாலும் மற்றதைத் தன் டின் பிரஷ்ஷாலும் தேய்த்து, இரண்டையும் உப்புத் தண்ணீரில் நனைத்த சாக்கில் இரண்டு நாள் வைக்கச் சொன்னார். எங்கே வைப்பது என்று மேனேஜர் கேட்டார்.

"ஸ்டோர்ஸ்லயே வச்சிப் பூட்டுங்க சார். சாவிய சாமிகிட்டயே குடுங்க. என்ன நம்பாத ஆளு கையில இருந்தாதான் சரியா இருக்கும்" என்றார்.

அதிலும் ஏதோ சூது இருக்கிறது என்றுதான் நினைத்தேன். இரண்டு நாளும் சாவியைப் பூணூலில் முடிந்துகொண்டு திரிந்தேன். குளிக்கும்போதுகூடக் கழற்றவில்லை. மூன்றாம் நாள் எல்லோர் முன்னிலையிலும் நானே பூட்டைத் திறந்தேன், நானே சாக்கை விலக்கினேன். அவர் தேய்த்த தகடு தேய்த்தபடியே இருந்தது. என் பெட்டி பிரஷ் பட்டதில் வரிவரியாகத் துரு. என் பெட்டியில் இரும்புச் சட்டம் தேய்த்த பிரஷ்களோடு சேர்ந்து கிடந்தவை இரும்புத் தூளைச் சுமந்துபோய் எவர்சில்வர் மேல் பூசியிருக்கின்றன. அவர் பதுக்கியது திருடுவதற்கில்லை, என்னிடமிருந்து காப்பாற்றுவதற்கு.

மறுநாளே அவர் வேலைக்குத் திரும்பினார். நான் இரண்டு பெட்டி வைத்தேன், ஒன்றுக்குச் சிவப்புப் பெயிண்ட் அடித்தேன். அன்றிலிருந்து 'நீங்க' என்று கூப்பிட்டேன். அவர் சாயங்காலம் ஜன்னலுக்கு வந்து ஏழு பிரஷ்ஷையும் சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு, "எண்ணிக்கோங்க சாமி" என்றார். எண்ணினேன். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய வார்த்தைக்குப் பதிலாகப் பெட்டி வைத்துவிட்டேன் என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். அவர் வீட்டு வாசல் தூணில், மேனேஜர் அன்று கணக்கெழுதி அவருக்கே கொடுத்த துருப்பிடிக்காத தகடு தொங்கியது. பாலிஷ் போட்டுச் சவரக் கண்ணாடியாக வைத்திருந்திருக்கிறார். புத்தி போகுமா? விரலால் தடவி எங்கேயாவது துரு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. மகள் பின்னால் வந்து நின்றாள்.

"அப்பா உங்கள ஒருநாளும் கொறையா பேசினது இல்லீங்க" என்றாள். "சாவி சாமி கையில இருந்திச்சி, அதான் ஒருத்தனும் வாயத் தொறக்கல, என் கையில இருந்திருந்தா எவன் நம்பியிருப்பான்னு சொல்லுவாரு."

அந்தப் பேட்டையில் தன் சொல்லுக்கு என்ன மதிப்பு, என் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் தன் பிழைப்பைத் தன்னைத் திருடன் என்றவனின் பூணூலில் முடிந்துவிட்டார். எனக்கு இது புரிய அவருடைய சாவு வேண்டியிருந்தது என்பதில் வெட்கப்படுகிறேன்.

துருப்பிடித்த மற்றத் தகடு என்னிடம் இருக்கிறது. அன்று யாரும் பார்க்காமல் எடுத்து வந்தேன். ஸ்டோர்ஸிலிருந்து கணக்கில்லாமல் ஒரு பொருள் வெளியே போனதென்றால் அது அந்த ஒன்றுதான், எடுத்தவன் நான்.