கப்பல் சமையல்காரர் வீட்டில் ஆக்கிய கூழ்

ஏற்றுவதற்குச் சரக்கில்லாமல் கப்பல்கள் சென்னைத் துறைமுகத்திலேயே நின்றுவிட்ட காலம் அது. கப்பலில் சமையல்காரராக இருந்த என் கணவர் ஆம்பூருக்கு வந்துவிட்டார். இங்கும் வாங்க ஆளில்லாமல் தோல் குவிந்து, தோல் பதனிடும் ஷாப்புகளை மூடியிருந்தார்கள்.

வந்த மறுநாள் அவரே அண்டாவை அடுப்பில் ஏற்றினார். வீட்டில் கொஞ்சம் கேழ்வரகு மாவுதான் இருந்தது.

“இன்னாங்க, இவ்ளோ தண்ணி ஊத்துறீங்க?”

“கப்பல்ல ஆக்குன கை. கம்மியா ஆக்க வராது. தெருவுல எல்லாரையும் கூப்புடு.”

நீர்த்த கூழுக்கு ஆட்களைக் கூப்பிட எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் வேலையிழந்த அண்டை வீட்டார் வெறுங்கையோடு வரவில்லை. ஒருத்தி மாவு கொண்டுவந்தாள், இன்னொருத்தி கருவாடு. கூழ் கெட்டிப்பட்டது. எல்லோரும் வயிறாரக் குடித்தார்கள்.

கடைசியில் அவர் என்னை உட்காரவைத்துத் தன் கையால் ஊற்றினார். அதுவரை நான் பரிமாறித்தான் பழக்கம்.

அதை நல்ல காலமென்று ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். நான் மட்டும் மனசுக்குள் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன்.