ரயில்வே கேட்டில் இரண்டு நிமிடம்

முப்பத்தெட்டு வயதில், முன்மண்டை முடி மொத்தமும் போனபிறகு, இரண்டே கதவுள்ள சிவப்பு ஜப்பான் கார் ஒன்றை வாங்கினேன். எண்பதுகளில் ராஜபாளையத்து மில் முதலாளியின் மகன் ஒருவர் கப்பலில் வரவழைத்த வண்டி. அவருக்குச் சலித்து, வேறொருவருக்கும் சலித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என்னிடம் வந்து சேர்ந்தது. நான் பேண்டேஜ் துணி நெய்யும் பத்துத் தறிக்குச் சொந்தக்காரன். என் தொழில் போன வேகத்துக்கு மாட்டுவண்டியே அதிகம். அந்தக் காருக்குள் நான் உட்கார்ந்தால் தொந்தி ஸ்டியரிங்கில் இடிக்கும். இறங்கும்போது யாராவது கை கொடுக்க வேண்டும்.

அந்த வண்டியின் உயிர் டர்போவில் இருந்தது. புகை வெளியே போகிற வேகத்தில் சுற்றும் ஒரு சின்ன விசிறி. அது இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். விசிறியின் தண்டு புஷ் என்கிற ஓர் உலோக வளையத்துக்குள் எண்ணெயில் மிதந்தபடி சுழலும். எனக்கு வந்தபோதே அந்தப் புஷ் தேய்ந்து, வண்டி கொசுமருந்து அடிப்பதுபோல் புகை விட்டது. புதிது வாங்க மதுரையில் கேட்டேன், மெட்ராஸில் கேட்டேன். சிரித்தார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் லேத்துப் பட்டறை வைத்திருந்தவன் என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன். மில்களுக்கு வேண்டிய நுணுக்கமான சாமான்களை அவன்தான் கடைந்து கொடுப்பான். டர்போவைக் கழற்றிக் கையில் வைத்து, குழந்தையின் காதைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

“கன்மெட்டல் வெண்கலத்துல கடைஞ்சிருவோம் மாப்ளே. ஆனா ஒண்ணு. ஓடி வந்த சூட்டோட பொசுக்குனு ஆஃப் பண்ணிராத. ரெண்டு நிமிஷம் சும்மா ஓட விட்டுப் பொறவு ஆஃப் பண்ணு. இல்லேன்னா உள்ள எண்ணெய் நின்னு, தோசைக்கல்லுல கருகின மாதிரி கருகிரும்.”

“ரெண்டு நிமிஷம்தான? கல்யாணத்துல தாலி கட்டவே அம்புட்டு நேரம் பொறுத்தவன்டா நான்.”

“அதான் இப்பம் அனுபவிக்க.”

நான்கு நாள் உட்கார்ந்து கடைந்தான். டிராக்டரின் ஏர் ஃபில்டர், அம்பாசடரின் ரேடியேட்டர் என்று கிடைத்ததையெல்லாம் பூட்டினோம். வண்டி பாதி ஜப்பான், பாதி செட்டியார்பட்டிச் சந்தை. ஆனால் பறந்தது.

வீடு ராஜபாளையத்தில், தறி ஸ்ரீவில்லிபுத்தூரில். நடுவில் ரயில்வே கேட். ஒரு நாளைக்கு வருகிற ரயில்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். நான் போகிற நேரத்துக்கு மட்டும் கேட் தவறாமல் மூடியிருக்கும். மூடினால் லாரி, பஸ், மோட்டார் சைக்கிள் எல்லாரும் இன்ஜினை அணைத்துவிடுவார்கள். பெட்ரோலை வீணாக்குவது எங்கள் பக்கத்தில் சோற்றைக் கீழே கொட்டுவதற்குச் சமம். அந்த அமைதியில் என் வண்டி மட்டும் உறுமிக்கொண்டிருக்கும். வெள்ளரிப்பிஞ்சு விற்கிற அம்மா முதல் வாரமே கேட்டுவிட்டாள்.

“ஏன் மொதலாளி, வண்டிதான் நிக்கில்லா? பொறவு எதுக்கு இது மட்டும் கத்திக்கிட்டுக் கெடக்கு?”

பஸ் ஜன்னல்களில் எல்லாத் தலைகளும் திரும்பின. சாவியைத் திருப்பி அணைத்தேன். மறுநாளும் அணைத்தேன். பிறகு யாரும் கேட்காமலே கை அணைத்தது.

மூன்று மாதத்தில் புகை திரும்ப வந்தது. புஷ்ஷைக் கழற்றிப் பார்த்தால் கன்னங்கரேலென்று கருகி, கோடு விழுந்திருந்தது.

“ரெண்டு நிமிஷம் விட்டியா?”

“வாட்சைப் பாத்துத்தான்.”

என் வாயில் அது அவ்வளவு இயல்பாக வந்தது. கேட்டில் நாலு பேர் பார்க்கிறார்கள் என்று அணைத்தேன் எனச் சொல்ல வெட்கம். அவன் என்னைச் சந்தேகிக்கவில்லை.

“அப்ப என் அளவுதான் தப்பு” என்றான்.

இரண்டாவது புஷ் இரண்டு மாதம்கூட வரவில்லை. அவன் திரும்பக் கேட்டான். நான் திரும்ப வாட்சைச் சொன்னேன். அதன்பிறகு அவன் மைக்ரோமீட்டரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, அளந்ததையே அளக்க ஆரம்பித்தான். மதுரைக்குப் போய்க் கண்ணைச் சோதித்துவிட்டு வந்தான். டாக்டர் குறையொன்றுமில்லை என்று சொல்லியும் வற்புறுத்தி ஒரு கண்ணாடி வாங்கியிருந்தான்.

“ஏலே, வாத்தியார் மாதிரி இருக்கியேடா. எந்திரிச்சு நிக்கவா?” என்று கேலி செய்தேன். சிரித்தான். மில்காரர்கள் கொடுத்த நுணுக்க வேலையை அந்த வாரம்தான் அவன் வேண்டாமென்று திருப்பி அனுப்பியிருந்தான். “கை நிதானம் போச்சு மாப்ளே, அடுத்தவன் மெஷினைக் கெடுக்கக் கூடாது” என்று சொன்னபோது, என் தொண்டைவரை உண்மை வந்தது. அதற்குப் பதிலாக இன்னொரு நகைச்சுவையைச் சொன்னேன்.

மூன்றாவது புஷ்ஷை ஒரு வாரம் கடைந்தான். பூட்டிய ஞாயிற்றுக்கிழமைக் காலையில் தானே ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தான். “இதுவும் போச்சுன்னா பட்டறையில நுணுக்க வேலையே எனக்கு வேண்டாம்” என்றான்.

போகும்போது அதிசயமாகக் கேட் திறந்திருந்தது; சேத்தூர்வரை விட்டு அடித்தோம். டர்போ விசிலடிக்கும்போதெல்லாம் அவன் தலை லேசாகச் சாய்ந்து கேட்டது. திரும்பி ராஜபாளையத்தைத் தாண்டும்போது, “சரியாத்தான் இருக்கோ?” என்றான். பல மாதத்துக்குப் பிறகு அவன் முகத்தில் வெளிச்சத்தைப் பார்த்தேன்.

கேட் மூடியிருந்தது. பஸ்ஸுக்குப் பின்னால் நிறுத்தினேன். கை தன் பாட்டுக்குப் போய்ச் சாவியைத் திருப்பியது.

இன்ஜின் நின்றது. அவன் சாவியைப் பார்த்தான். பிறகு என்னை.

“மொதப் புஷ்ஷுக்கும் இப்படித்தானா?”

“இல்ல மாப்ளே, இங்க எல்லாரும்...”

“ஆமா, இல்ல. ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

“ஆமா.”

“ரெண்டாவதுக்கும்?”

தலையாட்டினேன். ஏதாவது வேடிக்கையாகச் சொல்லத் தேடினேன். வாழ்நாளில் முதல்முறையாக ஒன்றும் கிடைக்கவில்லை. அவன் கதவைத் திறந்து இறங்கி, முன்னால் நின்ற பஸ்ஸில் ஏறிக்கொண்டான்.

அன்றுமுதல் எந்தக் கேட்டிலும் நான் அணைத்ததில்லை. வெள்ளரிக்காரம்மா திட்டினாள், பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த மூன்றாவது புஷ், நான் வண்டியை விற்கும்வரை ஐந்து வருடம் துளிப் புகை இல்லாமல் ஓடியது. அவன் கையில் ஒரு குறையும் இருந்ததில்லை. அதைச் சொல்லத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மாதம் கழித்துப் பட்டறைக்குப் போனேன். மில் வேலை அதற்குள் வேறொருவர் கைக்குப் போயிருந்தது. அவன் பம்புசெட்டுக்கு ஏதோ முரட்டு போல்ட் கடைந்துகொண்டிருந்தான். என்னைக் கண்டதும் லேத்தை நிறுத்தி, எழுந்து, ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

“வாங்க” என்றான். “உக்காருங்க. என்ன வேலையா வந்தீங்க?”