வளையம் இல்லாத யுரேனஸ்

அலமாரியின் மேல்தட்டில் இருக்கும் வெளிர்நீலத் தெர்மகோல் பந்தைத் தூக்கிப்போட்டுவிடலாமா என்று நேற்று கேட்டீர்கள். நான் எழுந்து போய்விட்டேன். வாயால் சொல்ல வராததை எழுதுகிறேன்.

அது உங்கள் அம்மா செய்த யுரேனஸ். பெரியவளுக்கு அப்போது ஏழாம் வகுப்பு, பள்ளியில் அறிவியல் கண்காட்சி. சின்னவன் தவழ்ந்துகொண்டிருந்தான். தாம்பரத்தில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பட்டறையில் அம்மாவுக்கு வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, புத்தகத்தை மடியில் விரித்துக்கொண்டு, பந்தில் கால்பங்கை அறுத்தெடுத்து உள்ளே வண்ணம் தீட்டினாள். நடுவில் பாறை. அதைச் சுற்றி நீரும் அம்மோனியாவும் மீத்தேனும் கலந்த கெட்டிக் குழம்பு. மேலே வாயு. "உள்ள அவ்ளோ சூடாம். அப்புறம் இன்னாடி ஐஸ் கிரகம்னு பேரு?" என்று பெரியவளிடம் கேட்டுச் சிரித்தாள். மற்ற கிரகங்களைப்போல் நிமிர்ந்து சுற்றாமல் இது பக்கவாட்டில் படுத்தபடி சுற்றுகிறதாம். எப்போதோ எதுவோ மோதியிருக்கலாம் என்று போட்டிருந்தது. "பாவம், அடிபட்டும் சுத்திக்கினே கீது பாரு" என்றாள்.

கடைசியில் நாலு குண்டூசி குத்தி, பட்டறையிலிருந்து கொண்டுவந்த முடிபோன்ற செம்புக் கம்பியால் வளையம் கட்டினாள். பந்து படுத்திருந்ததால் வளையம் நெட்டுக்குத்தாக நின்றது. நான் அதைப் பிய்த்தேன். "சனிக்கு மட்டும்தான் வளையம். பத்தாவது வரிக்கும் படிச்சவன் சொல்றேன், கேளு." அவள் எட்டாவது. புத்தகத்தை என் பக்கம் நீட்டினாள். நான் பார்க்கவில்லை.

கண்காட்சியில் டீச்சர் குனிந்து பார்த்தார். "யுரேனஸுக்கும் மெல்லிசா வளையம் உண்டே, அதை ஏம்மா காணோம்?" பெரியவள் என் முகத்தைப் பார்த்தாள். அதற்குள் உங்கள் அம்மா முந்திக்கொண்டாள். "ஷேர் ஆட்டோல வர்றப்போ கழண்டு வுழுந்துடுச்சி மிஸ்." வீடு வரும்வரை அவள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. தப்பு என்னுடையது என்று நானும் சொல்லவில்லை. அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

மறு வருஷம் அவளுக்கு நோய் வந்தது. கடைசி மாதம் மல்லாந்து படுக்க முடியாமல் ஒருக்களித்தே கிடந்தாள். ஒருநாள் பந்தைப் பார்த்து, "என்னாட்டமே படுத்துகினு கீது" என்றாள். சொல்வதற்கு அதைவிட நல்ல நேரம் வந்திருக்காது. மாத்திரை வேளையாகிவிட்டது என்று நான் தண்ணீர் எடுக்கப் போனேன்.

நேற்று அவளுடைய டப்பாவில் தேடினேன். கம்பி இருந்தது. பந்தில் குண்டூசி குத்திய நாலு ஓட்டைகளும் அப்படியே இருக்கின்றன. மூன்று முறை கட்டிப்பார்த்தேன். மூன்று முறையும் என் கைக்கு அறுந்துவிட்டது.

பந்து அங்கேயே இருக்கட்டும். வளையம் எங்கே என்று யாராவது கேட்டால், வழியில் விழுந்துவிட்டது என்று சொல்லாதீர்கள். அப்பா பிய்த்துவிட்டார் என்று சொல்லுங்கள்.